எறிகாரனின் ஓய்வு நாள்கள்

கேதீஸ்வரனின் மூத்த மகள் அனுப்பிய செய்தி வந்தபோது நான் ஈஸ்ட் ஹாமில் ஒரு மரக்கறிக் கடை வாசலில் கறிவேப்பிலைக் கட்டுகளைப் புரட்டிக்கொண்டு நின்றேன். அப்பா விடியற்காலையில் போய்விட்டார், அம்மா பக்கத்தில்தான் இருந்தார், நீங்கள் அவசரப்பட்டு வரத் தேவையில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் கையிலிருந்த கட்டை வைத்தேன், எடுத்தேன், மறுபடியும் வைத்தேன். கடைக்காரத் தம்பி பார்த்துவிட்டு, "மாஸ்டர், எல்லாம் ஒண்டுதான், எல்லாம் இண்டைக்கு வந்ததுதான்" என்றார். ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ் எடுத்து வீட்டுக்கு வந்தேன்.

எனக்கு இப்போது மரணச் செய்திகளுக்கு அழுகை வருவதில்லை. உட்காரத்தான் தோன்றுகிறது. இந்தக் குளிர்காலத்தில் ஒரே கறுப்புக் காற்சட்டையைத் திரும்பத் திரும்ப அயர்ன் பண்ணியிருக்கிறேன். என் வயதுக்காரர் எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் கேதீஸ் என் வயதுக்காரர் அல்ல. என் மாணவராக இருந்திருக்கக்கூடிய வயது. அதனால் அன்று சற்றுக் கூடுதலான நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானத்துக்குள் துயர் பகிர்வு எல்லோருடைய தொலைபேசிக்கும் வந்துவிட்டது. விளக்கு, மலர்வளையம், இரண்டு புறா, நடுவில் கேதீஸின் படம். கீழே "புகழ்பெற்ற சர்வதேசக் கிரிக்கெட் வீரர்" என்று இருந்தது. அதைச் செய்தவர் அவருடைய மனைவி சுகந்தியின் தமையன் மோகன். நான் அவருக்கு அழைத்தேன்.

"தம்பி, கேதீஸ் கிரிக்கெட் வீரர் இல்லை. பேஸ்பால்."

"தெரியும் மாஸ்டர். பேஸ்பால் எண்டு போட்டால் எங்கடை சனத்துக்கு விளங்காது. எல்லாம் பந்துதானே."

அந்த வீட்டில் அன்று நடந்துகொண்டிருந்த வேலைகளுக்கு நடுவில் இதற்கு மேல் வாதாட எனக்கு மனமில்லை. ஆகவே, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அவரை அறிந்தவர்களுக்கும், பூங்காவில் அவரோடு விளையாடியவர்களுக்கும், அவர் உண்மையில் என்ன வேலை செய்தார் என்று சொல்வதற்காக இதை எழுதுகிறேன். அவர் பந்து எறிந்தார். அதற்குச் சம்பளம் வாங்கினார். அவ்வளவுதான், ஆனால் அந்த அவ்வளவுக்குள் நிறைய இருக்கிறது.

பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் சேர்க்க வந்த நாளில்தான் அவரை முதலில் சந்தித்தேன். நெதர்லாந்திலிருந்து குடும்பமாக இல்ஃபோர்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. முன்பு அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "பந்து எறிஞ்சனான்" என்றார். நான் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பிறகு, "எல்லாரும் முதல்லை சிரிக்கிறவை. ஆறுதலாச் சிரியுங்கோ, நான் நிக்கிறன்" என்றார்.

அவருடைய கதை கிரிக்கெட்டில்தான் தொடங்குகிறது, ஒரு குற்றச்சாட்டாக. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துச் சின்னப் பெடியன்களின் அணியில் அவர் வேகப்பந்து வீச்சாளர். கிரிக்கெட்டில் பந்தை வீசும் கை முழங்கையில் மடங்கி நிமிரக்கூடாது. மடங்கினால் அது வீச்சு அல்ல, எறி. கேதீஸின் கை மடங்கியது. ஒரு போட்டியில் நடுவர் அவருடைய மூன்று பந்துகளைத் தொடர்ந்து செல்லாது என்று சொல்ல, எதிரணிப் பெடியன்கள் எல்லைக்கோட்டில் நின்று "எறியிறான், எறியிறான்" என்று கத்தினார்கள். பொறுப்பாசிரியர் அவரை அணியிலிருந்து எடுத்துவிட்டார். அதன்பின் வீட்டுச் சுவரைப் பார்த்து, கையை மடக்காமல் வீசிப் பழகிப் பழகி, ஒரு வழியாகக் கை நேராகத் தொடங்கியபோது நாட்டை விட்டு வெளிக்கிட வேண்டி வந்தது. தாயின் தம்பியோடு நெதர்லாந்து போய்ச் சேர்ந்தார். அப்போது மீசை அரும்பாத வயது.

ஹார்லெம் நகரத்தின் ஓரத்தில் ஒரு மாடிக் குடியிருப்பு. மாமா சிக்கனக்காரர், ஹீற்றரைப் போட விடமாட்டார். பக்கத்தில் இருந்த பேஸ்பால் கழகம் குளிர்காலத்தில் உள்ளரங்கத்தில் பயிற்சி செய்யும். "விளையாட்டு ஆசையிலை போகேல்லை மாஸ்டர். அங்கை சூடாக் கிடந்தது" என்று கேதீஸ் என்னிடம் சொல்லியிருக்கிறார். அவரைப் பேட்டி எடுக்க வந்த ஒல்லாந்துப் பத்திரிகைக்காரர், ஊரில் மாங்காய்க்குக் கல்லெறிந்து பழகியிருப்பீர்கள் என்று ஒருமுறை கேட்டாராம். "எங்கடை வளவிலை மாமரமே இல்லை. ஆனா அந்தாள் நல்லா எழுதிக்கொண்டிருந்தது, குழப்புவான் ஏன் எண்டு ஓம் எண்டுட்டன்."

பேஸ்பாலில் பந்தை எறிபவரைப் பிட்ச்சர் என்பார்கள். அவர் ஒரு சின்ன மேட்டில் நின்று, துடுப்பை வைத்திருப்பவரை நோக்கிப் பந்து நிலத்தில் படாமல் எறிய வேண்டும். கிரிக்கெட் தெரிந்தவருக்குப் பேஸ்பால் பழக்குவது, தமிழ் தெரிந்தவருக்கு மலையாளம் படிப்பிப்பதைப் போன்றது. தெரியாத சொற்கள் தொந்தரவு தருவதில்லை. தெரிந்த சொற்கள்தான் காலைத் தட்டும். கேதீஸுக்கும் அதுவே நடந்தது. மேட்டில் ஏறியதும் அவருடைய கை தானாகவே நேராகிவிட்டது. பயிற்சியாளர், பகலில் தபால்காரராக வேலை செய்த ஒருவர், முழங்கையைப் பிடித்து மடக்கிக் காட்டுவார். கேதீஸ் தலையாட்டுவார். அடுத்த பந்துக்குக் கை மறுபடியும் நேராகிவிடும். ஊரில் பட்ட பாடு அப்படி. மொழியும் இன்னும் பிடிபடவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் அந்த மனிதர், "எறி" என்ற ஒரே ஒல்லாந்துச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாராம். "ஊரிலை எறியாதை எண்டு அடிச்சவை. இஞ்சை எறி எண்டு கெஞ்சினவை. நான் என்னத்தைச் செய்யிறது?" ஒரு நாள் குளிர் தாங்காமல், கோபத்தில், மாமாவை நினைத்துக்கொண்டு ஒன்று எறிந்தார். அது பிடிப்பவரின் கையுறைக்குள் போய் விழுந்த சத்தத்துக்கு அரங்கத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இருபது வயதாகும்போது அங்குள்ள முதற்பிரிவுக் கழகமொன்று சம்பளம் கொடுத்தது. அடுத்து, அமெரிக்காவிலிருந்து ஆள் தேடி வந்தவர்கள் ஒப்பந்தம் போட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள். அமெரிக்கா என்றதும் பெரிய அரங்கங்களை நினைக்காதீர்கள். அங்கே பேஸ்பால் ஒரு நீண்ட ஏணி. கேதீஸ் ஏறியது அதன் ஆகக் கீழ்ப்படி. பழைய பஸ், ஒரு வீட்டில் ஆறு பேர், பாணும் கடலை வெண்ணெயும். ஃபுளோரிடாவின் வெயிலில் மற்றப் பெடியன்கள் துவண்டு விழ, இவர் மட்டும் சந்தோஷமாக நின்றிருக்கிறார்.

அந்நாளில் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுப்பது பெரும்பாடு. ஒருமுறை தாய் கொழும்புக்கு வந்திருந்தபோது கதைக்கக் கிடைத்தது.

"என்ன வேலை மோனை?"

"பந்து எறியிற வேலை அம்மா."

"அதுக்குக் காசு குடுக்கினமோ?"

"ஓம்."

"ஒவ்வொரு நாளும் எறியவேணுமோ?"

"இல்லை. ஒரு நாள் எறிஞ்சால் நாலு நாள் எறியக்கூடாது."

தாய், "உன்னை வேலையாலை நிப்பாட்டப் போறாங்கள் போலை. பயப்பிடாதை" என்று ஆறுதல் சொன்னாராம். ஊருக்குப் போய், மகன் அமெரிக்காவில் ஒரு பந்துக் கொம்பனியில் வேலை செய்கிறான் என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். கடைசிவரை அவருக்கு அது பந்துக் கொம்பனிதான்.

நாலு நாள் ஓய்வு என்பது பகிடி அல்ல. பிட்ச்சரின் தோளும் முழங்கையும் ஒரு ஆட்டத்தில் படும் பாடு அப்படி. எறிந்த மறுநாள் தலை வாரக் கையைத் தூக்க ஏலாது என்று கேதீஸ் சொல்வார். ஆகவே ஓய்வு அங்கே ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. காலையில் பயிற்சியாளர் ஒவ்வொருவரிடமும், களைப்பா இல்லையா என்று கேட்பார். களைப்பு இருக்க இல்லை என்று சொல்பவனுக்குத்தான் பேச்சு விழும். "ஓய்வு எண்டது வேலைக்குப் பிறகு வாறது இல்லை மாஸ்டர், வேலையிலை பாதி. அதுக்கும் சேர்த்துத்தான் சம்பளம்." அவர் அடிக்கடி சொன்னது இது.

இரண்டாவது கோடை முடியுமுன் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நம் பள்ளி விழாவொன்றில் அவரை அறிமுகம் செய்தவர், அமெரிக்காவைக் கலக்கிய வீரர் என்று சொல்லிவிட்டார். கேதீஸ் ஒலிவாங்கியை வாங்கி, "கலக்கேல்லை. என்ரை எறி காணாது எண்டு சொல்லி அனுப்பினவை" என்று திருத்தினார். பிள்ளைகள் முன்னால் இப்படிச் சொல்லலாமா என்று சிலர் என்னிடம் குறைப்பட்டார்கள். நான் பிறகு கேட்டபோது, தன்னை அனுப்பிய மேலாளரைப் பற்றி அவர் நல்லதாகவே சொன்னார். "அவர் கதிரையிலை கிடந்த உடுப்புகளை எடுத்துப்போட்டு, துடைச்சு, இரு எண்டவர். ஐஞ்சு நிமிசம் என்ரை எறியைப் பற்றி மட்டும் கதைச்சவர். பொய் ஒண்டும் சொல்லேல்லை." ஹார்லெமுக்குத் திரும்பி முப்பது தாண்டும்வரை சம்பளத்துக்கு எறிந்தார். முழங்கையில் தசைநார் கிழிந்தது, மணிக்கட்டிலிருந்து தசைநாண் எடுத்து வைத்துத் தைத்தார்கள், இன்னும் கொஞ்சக் காலம் எறிந்தார். பிறகு கை முடியாது என்றது. அவரும் சரி என்றார்.

லண்டனில் பார்சல் வான் ஓட்டினார். இங்கே நம்மவர்கள் எப்படி வேலை செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பகலில் ஒரு ஷிப்ட், இரவில் ஒரு ஷிப்ட், சனி ஞாயிறு கடை. கேதீஸ் தன் ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார். சொந்தக்காரருக்கு அது பொறுக்கவில்லை. சோம்பேறி என்று மோகனே சுகந்தியிடம் சொல்லியிருக்கிறார். "நாலு நாள் லீவு தாற வேலை இஞ்சை ஒருத்தனும் வைச்சிருக்கேல்லை மச்சான்" என்று ஒரு பிறந்தநாள் விழாவில் அவர் நக்கலடிக்க, கேதீஸ், "அதுதான் எல்லாற்றை முகமும் இப்பிடிக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு வடையைக் கடித்தார்.

பழைய மாணவர் கிரிக்கெட் போட்டியில் அவரை இழுத்துக்கொண்டுபோய் விளையாட விட்டதையும் சொல்ல வேண்டும். பந்து வீசமாட்டேன், என் கை எறிகிற கை என்று முன்கூட்டியே சொன்னார். சரி, எல்லையில் நில்லுங்கள் என்றார்கள். கடைசி ஓவரில் பந்து அவரிடம் போயிற்று. எடுத்து எறிந்தார். விக்கெட் காப்பாளரின் பக்கம் எறியாமல் பந்துவீச்சாளரின் பக்கம் எறிந்துவிட்டார். அங்கே வெறுங்கையோடு நின்றவர் நகைக்கடை ஜெயபாலன். அவருடைய விரல் முறிந்தது, பந்து எல்லையைத் தாண்டிப் போயிற்று, ஆட்டத்திலும் தோற்றார்கள்.

"ஐயோ அண்ணை, கையுறை போட்டிருப்பியள் எண்டு நினைச்சிட்டன்" என்று கேதீஸ் ஓடிவந்தார். பேஸ்பாலில் களத்தில் நிற்கும் எல்லோரும் கையுறை அணிந்திருப்பார்கள்.

"அட எறிகாரா, நகை செய்யிறவன்ரை விரலையே பாத்து எறிஞ்சனியோ?" என்றார் ஜெயபாலன், வலியில். ஊரில் அவமானமாக விழுந்த சொல் இங்கே பட்டப்பெயராயிற்று. தகனச்சாலை வாசலில் ஜெயபாலன் அந்தக் கோணல் விரலை எனக்குக் காட்டிச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

களைப்பா இல்லையா என்று கேட்கும் அந்தப் பயிற்சியாளர் வேலையை என்னிடமும் ஒருமுறை செய்தார். பரீட்சை நேரம். எனக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடத்தில் விடைத்தாள்களோடு உட்கார்ந்திருந்தேன்.

"எப்பிடி மாஸ்டர்?"

"பரவாயில்லை."

"பரவாயில்லை எண்டது மறுமொழி இல்லை. களைச்சோ இல்லையோ?"

"வயசு போனால் கொஞ்சம் இருக்கும்தானே."

"மாஸ்டர், நான் வயசைக் கேக்கேல்லை."

நான் களைப்பு என்று சொல்லும்வரை அவர் அந்த மேசையை விட்டுப் போகவில்லை. நாற்பது வருடம் பிள்ளைகளின் வாயிலிருந்து விடை வரும்வரை காத்திருந்தவன் நான். என்னிடம் ஒருவர் அப்படிக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

போன வருடம் ஈரலில் புற்றுநோய் என்றார்கள். மருந்து ஏற்றினார்கள், ஓய்ந்தது, திரும்ப வந்தது. இன்னுமொரு சுற்று மருந்து ஏற்றலாம், சில மாதங்கள் கிடைக்கக்கூடும், கிடைக்காமலும் போகலாம், உடம்பு மிகவும் தளரும் என்று வைத்தியர் ஒளிக்காமல் சொன்னார். முடிவு உங்களுடையது என்றும் சொன்னார். கேதீஸுக்கு வேண்டாம் என்றிருந்தது. சுகந்திக்கு வேண்டும் என்றிருந்தது. அந்த வாரங்களில் அந்த வீட்டுக்குள் போகவே கால் கூசும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருக்கும்போது மோகன் வந்தார். "நீ ஒரு ஃபைட்டர் மச்சான். விளையாட்டு வீரன் விட்டுக்குடுக்கக்கூடாது" என்றார். அவரும் பாவம், வேறு சொல் தெரியாமல்தான் சொன்னார்.

"நான் ஃபைட்டர் இல்லை, பிட்ச்சர்" என்றார் கேதீஸ். குரல் மெலிந்திருந்தது. "கை களைச்சால் பிட்ச்சரை மாத்துவினம். அது தோல்வி இல்லை. களைச்ச கையோடை நிண்டு எறியிறவன்தான் ஆட்டத்தைக் கெடுக்கிறவன்."

அடுப்படி வாசலில் நின்ற சுகந்தி, கையிலிருந்த துணியை மடித்தபடி, "ஆட்டத்துக்கு வேறை ஆள் வரும். இந்த வீட்டுக்கு ஆர் வருவினம்?" என்று கேட்டார்.

கேதீஸ் வெகு நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "ஓம். அது சரிதான். மருந்துக்குப் போவம்" என்றார். எனக்கு அன்று அவர் தோற்றுவிட்டதாகவும் தோன்றவில்லை, வென்றதாகவும் தோன்றவில்லை. மனைவி கேட்ட கேள்வி நியாயமானது, ஆகவே எழுந்து போகிறேன் என்ற மாதிரி இருந்தது.

மருந்து ஏற்றும் நாளன்று காலை அவர்களைக் கூட்டிப் போக நான் காரோடு போனேன். வாசலில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே போனேன். கேதீஸ் மாடிப்படியின் கடைசிப் படியில் இருந்தார். ஒரு காலில் சப்பாத்து. சுகந்தி கோட்டைப் போட்டு, பிளாஸ்கும் போர்வையும் வைத்த பையோடு நின்றார்.

"மற்றச் சப்பாத்து எங்கை?"

"கையிலைதான் கிடக்கு" என்றார் கேதீஸ். கையில்தான் இருந்தது. குனிய முடியவில்லை, அதைச் சொல்லவும் அவர் விரும்பவில்லை. வாழ்நாள் முழுவதும் களைப்பைக் கூசாமல் சொன்ன மனிதர், மனைவிக்காக அன்று அதை மறைத்துக்கொண்டிருந்தார்.

நான் குனிந்து போட்டுவிடலாம் என்று ஒரு அடி வைத்தேன். சுகந்தி பையைக் கீழே வைத்தார். "கொஞ்சம் அரக்கி இருங்கோ" என்று சொல்லி, அந்த ஒடுங்கிய படியில் அவருக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"இஞ்சேருங்கோ, எனக்குக் களைச்சுப்போச்சு."

இத்தனை வருடப் பழக்கத்தில் சுகந்தி அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. பராமரிப்பு இல்லத்தில் வேலை, பிள்ளைகள், நோயாளி, எல்லாவற்றுக்கும் நடுவில் எப்படி இருக்கிறீர்கள் என்றால் இருக்கிறோம் என்பார்.

"எனக்கும்" என்றார் கேதீஸ்.

"தெரியும். உங்கடை முகத்திலை தெரியுது." அவர் கணவரின் கையிலிருந்த சப்பாத்தை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து என்னை நிமிர்ந்து பார்த்தார். "மாஸ்டர், காரை நிப்பாட்டிப்போட்டு வாங்கோ. தேத்தண்ணி போடுறன்."

வரவில்லை, இனி மருந்து ஏற்ற வேண்டாம் என்று ஆஸ்பத்திரிக்குச் சுகந்தியே தொலைபேசியில் சொன்னார். அதன்பின் வலிக்கு மருந்து கொடுக்கத் தாதிமார் வீட்டுக்கு வந்து போனார்கள். மத்தியானங்களில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, தொலைபேசியை நிறுத்திவிட்டு, இருவரும் படுத்துவிடுவார்கள். பார்க்க வந்த உறவினர் சிலர் மணியை அடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்; அதற்குக் கோபித்தவர்களும் உண்டு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து கதவைத் திறக்கும்வரை அந்த வீடு அமைதியாக இருக்கும். அப்படி ஆறேழு வாரம் கிடைத்தது. அதிகம் கிடைத்திருக்குமா என்று சுகந்தி என்னைக் கேட்கவில்லை.

அவருடைய தோல் கையுறையை நினைவாக வைத்துக்கொள்ளச் சொல்லிப் பிள்ளைகள் தந்தார்கள். வேண்டாம் என்றேன், அது அவர்களுக்கு உரியது. நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டது, களைப்பு என்ற சொல்லை வெட்கமில்லாமல் சொல்லும் பழக்கம். வெளியில் மழை என்று சொல்வதைப் போல, மன்னிப்புக் கேட்காமல், காரணம் அடுக்காமல்.

நேற்று மத்தியானம் பள்ளிச் செயலாளர் அழைத்தார். வழக்கமாகக் கேதீஸ் நடத்தும் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு அவருடைய இடத்தில் யாரைப் போடுவது, நினைவுக்கூட்டத்துக்கு மண்டபம் எது, யார் யார் பேசுவது என்று ஒரே மூச்சில் கேட்டுக்கொண்டே போனார். நான், "தம்பி, எனக்குக் களைப்பாக் கிடக்கு. படுக்கப்போறன். நாளைக்குக் கதைப்பம்" என்றேன்.

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"எனக்கும்தான் மாஸ்டர்" என்றார்.

இருவரும் தொலைபேசியை வைத்தோம்.